முப்பத்திரண்டு லீற்றர்

இரண்டும் வெள்ளி நிறம்.
ஒரே வருசம், ஒரே முகம்,
யப்பானில் யாரோ ஓடிக் கழித்த ஒரே அளவு தூரம்.
ஒன்றின் பின்பக்கத்தில் மட்டும்
சின்ன நீல எழுத்தில் ஹைபிரிட்.

அபயபுரத்து யார்டில்
நஸ்மீர் இரண்டு சாவியையும் ஒரே உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.
"ஓடிப் பாருங்க சேர், பிறகு கதைப்பம்."

குகநேசன் ஓடிப் பார்க்க முன்னமே
எழுதிப் பார்த்துவிட்டார்.
மாவாலைக் கணக்கர். சதுரக் கோட்டுத் தாள்.
மாதம் ஆயிரம் கிலோமீற்றர்.
பெற்றோல் என்றால் லீற்றருக்குப் பதின்மூன்று,
ஹைபிரிட் என்றால் இருபத்திரண்டு.
மிச்சம் முப்பத்திரண்டு லீற்றர்.
விலை வித்தியாசம் பன்னிரண்டு லட்சம்.
அது திரும்பி வரப் பத்து வருசமும் ஐந்து மாதமும்,
இடையில் பற்றரி செத்தால்
இன்னுமொரு மூன்றரை.
"அப்ப எனக்கு அறுபத்தாறு" என்றார்
தாளுக்குச் சொல்வதுபோல.

நான் மருந்தாளர்.
ஒரே மருந்து, இரண்டு பெட்டி, இரண்டு விலை:
எது நல்லது என்று கேட்பவர்களுக்கு
இரண்டும் ஒன்றுதான் என்பேன்.
உங்கள் வீட்டுக்கு எதை எடுப்பீர்கள் என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முப்பத்திரண்டு லீற்றரை
என்னால் லீற்றராக நினைக்க முடியவில்லை.
அந்த வருசம், பழைய காரில்,
பெற்றோல் செட்டுக்கு அரைக் கட்டை முன்னால் இரண்டு இரவு.
கண்ணாடி இறக்கி, நுளம்புத்திரி கொளுத்தி,
மடியில் பாணும் சம்பலும்.
மூன்று பக்கமும் கடல் உள்ள ஊரில் பிறந்தவர்
ஏன் நீந்தப் பழகவில்லை என்பதை
பத்தொன்பது வருசத்தில் முதன்முறையாக
அந்த வரிசையில்தான் சொன்னார்.
சொல்லி முடிய விடிந்தது.
வரிசை நாலு கார் முன்னேறியது;
எஞ்சினைப் போடாமல்
இரண்டு பேரும் இறங்கித் தள்ளினோம்.

அதைத் தாளில் எந்த நிரலில் எழுதுவது?

சீனக்குடாக் காட்டுக்குள்
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள்
குரங்குகளுக்கு நிழல் தந்துகொண்டிருக்கின்றன.
அந்த நாட்களில் அவற்றைத் தாண்டித்தான்
சைக்கிளில் வேலைக்குப் போனார்.
திரும்பியும் பார்ப்பதில்லையாம்.

முதலில் பெற்றோல்.
கோட்டை வாசலடியில் மான்கள்
தெரு தங்களுடையதுபோலப் படுத்திருந்தன.
எஞ்சின் உறுமக் காதுகள் திரும்பின,
பிறகு கால்கள்,
பிறகு மனமில்லாமல் உடம்பு.
போக வழி கிடைத்தது.

பிறகு ஹைபிரிட்.
பற்றரியில் ஊர்ந்தோம்.
ஒரு காதும் திரும்பவில்லை.
கொம்பு வைத்த ஒன்று, பொலித்தீனை மென்றபடி,
பொனற்றில் தன்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.
அவர் கால் பிரேக்கில்.
காருக்குள் ஒரு சத்தமுமில்லை.
கடல் கேட்டது.
கடலுக்கு இந்தப் பக்கம், என் பக்கத்தில்,
மெல்லிய ஒரு விசில்.
அவர் மூச்சு.

"இன்ஹேலர் முடிஞ்சுதா?"
"போன மாதமே."
"ஏன் சொல்லேல்லை?"
"இதொண்டு முடியட்டும் எண்டு"
என்று ஸ்டியரிங்கைத் தட்டினார்.
மான் அதற்குத்தான் திடுக்கிட்டது.

எத்தனை மாதமாக அந்த விசில்
பழைய எஞ்சினுக்குள் ஒளிந்திருந்ததோ.

யார்டில் தாளை வாங்கி மடித்து
என் கைப்பைக்குள் வைத்தேன்.
"சத்தமில்லாதது" என்றேன் நஸ்மீரிடம்.
"பற்றரி எத்தனை வருசம் வரும்?" அவர் விடவில்லை.
"அல்லாஹ் நாடினா எட்டு, சேர்.
நாடாட்டி லீசிங் முடியிற அண்டைக்கு."
முதல் தடவையாகச் சிரித்தார்,
சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இப்போது உவர்மலையில், காலை ஏழேகால்.
பக்கத்து வீட்டு நாய் எங்கள் கேற்றடியில் தூங்குகிறது.
காருக்கு அது எழும்பாது.
நான் இறங்கிக் கை தட்டுகிறேன்.
உள்ளே அவர் இரண்டு முறை இழுத்து,
மூடியை மூடி,
மீற்றரில் எத்தனை மிச்சம் என்று பார்க்கிறார்.